நோய் திரும்பி வருமோ என்ற அச்சம்: புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு எதிரே அமர்ந்திருந்த அந்தப் பெண்மணி நல்ல செய்திகளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், தாமும் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார், முடி பழையபடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. ஆனால் அவருடைய இடது கை சும்மா இருக்கவில்லை. இரண்டு விரல்கள் காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தை அழுத்திப் பார்த்தன, இறங்கி மடியில் கிடந்தன, மீண்டும் ஏறின. கால் மணி நேரத்தில் பதினொரு முறை. "அங்கே வலிக்கிறதா?" என்று கேட்டேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இல்லை. கை தானாகப் போகிறது. சிகிச்சை முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எனக்குப் புரிகிறது, கைக்குத்தான் புரியவில்லை" என்றார்.

புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. கீமோவின் குமட்டலைப் பற்றிப் பேசுவார்கள், தழும்பைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்து கதவருகே போன பிறகு, திரும்பி நின்று, தணிந்த குரலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "மறுபடியும் வந்துவிடுமா?" வீட்டில் கேட்டால் "நல்லதையே நினை" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் கேட்க வாய் வருவதில்லை. கேள்வி உள்ளேயே கிடந்து வளர்கிறது.

அந்தக் கேள்வியோடு வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயத்தை அடியோடு நீக்கிவிடலாம் என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். "இனி வரவே வராது" என்று எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாது. அந்த உறுதிச்சீட்டுக்காகக் காத்திருக்காமல், கவனிக்க வேண்டியதை அதற்குரிய நாளில் கவனித்துவிட்டு, மற்ற நாட்களை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ள முடியும். படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. அடுத்த வாரமே ஸ்கேன் என்றால் மட்டும் நேராக ஏழாம் படிக்குப் போங்கள்.

படி 1: இது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

புற்றுநோய் திரும்பி வரும் அல்லது பரவும் என்ற சாத்தியத்தைப் பற்றிய பயம், கவலை, அக்கறை: 2016-ல் ஆய்வாளர்கள் கூடி ஏற்றுக்கொண்ட வரையறை இதுதான். அதில் "அக்கறை" என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். மருத்துவரிடம் தவறாமல் போக வைக்கும், மாத்திரையை மறக்காமல் போட வைக்கும் கொஞ்சம் அக்கறை எல்லோருக்கும் தேவை. அது அளவு மீறும்போதுதான் துன்பம்.

அளவு மீறுவது அரிதும் அல்ல. 46 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2022-ல் வெளியான பகுப்பாய்வில், ஏறத்தாழ 59 சதவீதத்தினருக்கு இந்த அச்சம் மிதமான அளவையோ அதற்கு மேலோ எட்டியிருந்தது; 19 சதவீதத்தினருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, கடுமையாக இருந்தது. இளவயதினரிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: நோய் திரும்பும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு என்பதற்கும் பயம் எவ்வளவு என்பதற்கும் நேரான தொடர்பு பெரும்பாலும் இருப்பதில்லை. மிக ஆரம்ப நிலையில் கண்டுபிடித்துக் குணமானவர் தூக்கமின்றித் தவிப்பார். ஆபத்து அதிகம் உள்ளவர் நிம்மதியாக இருப்பார். ஆகவே "எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறதே, உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது" என்ற முடிவுக்குப் போகாதீர்கள்.

சிகிச்சை நடக்கும்போது இல்லாத பயம் முடிந்த பிறகு ஏன் வருகிறது? சிகிச்சைக் காலத்தில் தேதிகள் இருந்தன, செய்ய வேலை இருந்தது, நர்சுகள் சுற்றி இருந்தார்கள். திடீரென்று ஒருநாள் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் 1985-லேயே இதை எழுதினார். நோய்க்குப் பிந்தைய வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்து, சிகிச்சை முடிந்து காத்திருக்கும் இரண்டாம் பருவத்தை ஆள்வது நோய் திரும்பும் பயமே என்று சொன்னார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்ற பழமொழியை உறவினர் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் இருட்டைப் பார்த்து அரண்டவர் அல்லர். ஒருமுறை அங்கே உண்மையிலேயே பேயைக் கண்டவர். வலியே இல்லாத ஒரு சிறு கட்டியை "ஒன்றுமிருக்காது" என்று விட்டவருக்கு, இனி எந்தக் கட்டியும் சிறு கட்டி அல்ல. உங்கள் மனம் தன் வேலையைத்தான் செய்கிறது. ஓய்வில்லாமல் செய்கிறது, அதுதான் பிரச்சினை.

பயப்படுவதாலேயே, எதிர்மறையாக நினைப்பதாலேயே நோய் திரும்பிவிடும் என்ற பேச்சையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஓர் எண்ணம் புற்றணுவை எழுப்பியதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. பயத்தோடு, "ஐயோ, பயப்படுகிறேனே" என்ற பயத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

படி 2: எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்

நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயைப் பற்றிய எண்ணம் அழையாமலே வந்து, விலக்கினாலும் விலகாமல் நிற்கிறதா? அந்தக் கவலை கட்டுக்கு அடங்காமல் போகிறதா? உடம்பின் ஒவ்வொரு சிறு உணர்வையும் உளவு பார்க்கிறீர்களா? இவை மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கின்றனவா? நான்குக்கும் "ஆம்" என்றால், வேலையும் தூக்கமும் உறவுகளும் இதனால் கெடுகின்றன என்றால், இந்த வழிகாட்டியோடு நிறுத்தாமல் கடைசிப் படியில் சொல்லும் உதவியையும் தேடுங்கள்.

உளவியலாளர்கள் இதற்கென்றே ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறார்கள். அதன் சுருக்கமான வடிவத்தில் ஒன்பது கேள்விகள், மொத்த மதிப்பெண் 36. 13-ஐ எட்டினால் கவனிக்க வேண்டிய நிலை, 22-ஐ எட்டினால் தீவிரம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். "எனக்கு அந்த ஒன்பது கேள்விகளைக் கேளுங்கள்" என்று நீங்களே கேட்டு வாங்கலாம்.

பயத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு முகம் ஓயாமல் சோதிக்கும்: தடவிப் பார்க்கும், இணையத்தில் தேடும், இன்னொரு ஸ்கேன் கேட்கும். மறு முகம் ஓடி ஒளியும்: பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடும், மருத்துவமனை இருக்கும் தெருப்பக்கமே போகாது, நோய் என்ற சொல் காதில் விழுந்தாலே டிவியை அணைத்துவிடும். இரண்டாமவரை எல்லோரும் "தைரியசாலி" என்று பாராட்டுவார்கள். அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

படி 3: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு சிறிய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயம் வரும்போதெல்லாம் ஐந்தே குறிப்புகள்: எப்போது, எது கிளப்பிவிட்டது, மனதில் ஓடியது என்ன, நான் என்ன செய்தேன், அரை மணி நேரம் கழித்து எப்படி இருந்தது. ஒருவருடைய நோட்டில் இருந்த பதிவு, அவர் அனுமதியோடு:

"செவ்வாய் இரவு 11.40. முதுகில் வலி. எலும்புக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். போனில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். மனைவியை எழுப்பி முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். 'ஒன்றுமில்லை' என்றாள். இருபது நிமிடம் நிம்மதி. பிறகு, அவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது."

அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தேடலும் ஆறுதல் கேட்பதும் தந்த நிம்மதி இருபது நிமிடம் நீடித்தது. அதன்பின் பயம் முன்னைவிடப் பசியோடு வந்தது. இதை நான் எடுத்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தம் கையெழுத்திலேயே ஏழு நாள் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். அவர் பகலில் பழைய மேசையை மாடிக்குத் தூக்கியிருந்தார் என்பதும் மறுநாள் நோட்டைப் படித்தபோதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

படி 4: மருத்துவரிடம் பேசி, பயத்தை விதிகளாக மாற்றுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மனப் பயிற்சிகளுக்குப் போகாதீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். அடுத்த சந்திப்பில், கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்:

- என் வகைப் புற்றுநோய் திரும்பினால், பெரும்பாலும் எந்தக் காலத்துக்குள், உடம்பில் எங்கே?
- எந்தெந்த அறிகுறிக்கு அன்றே வர வேண்டும்? எதற்குக் காத்திருந்து பார்க்கலாம், எத்தனை நாள்?
- சிகிச்சையின் மிச்சமாக எந்த வலி, மரத்துப்போதல், சோர்வு வருவது இயல்பு? எவ்வளவு காலம்?
- நானே உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டுமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படி?
- இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது?

முதல் கேள்விக்கான பதில் நோய்க்கு நோய் வேறுபடும். பெருங்குடல் புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள். ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனின் தூண்டுதலால் வளரும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து ஆண்டுகளைக் கடந்த பிறகும் சிறிதளவு ஆபத்து நீடிப்பதால்தான் சிலருக்கு ஹார்மோன் மாத்திரையை நீட்டித்துக் கொடுக்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் கதை உங்கள் கதை அல்ல.

இரண்டாவது கேள்விக்குப் பல மருத்துவர்கள் சொல்லும் நடைமுறை: புதிதாக வந்து, வேறு காரணம் தெரியாமல், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது நாளுக்கு நாள் கூடும் அறிகுறியைக் காட்டுங்கள். ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், வலிப்பு, கால்களில் திடீர் பலவீனம் போன்றவற்றுக்கு இரண்டு வாரமெல்லாம் கிடையாது; உடனே போக வேண்டும். உங்களுக்கான பட்டியலை மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். அது உங்கள் தனிச் சட்டம். முதுகு வலி வந்த இரவில் "இன்று மூன்றாம் நாள், பதினான்காம் நாள் இருந்தால் போன் செய்வேன்" என்று சொல்ல முடிகிற மனதுக்கும், "என்னவோ ஏதோ" என்று தவிக்கும் மனதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"நிறையப் பரிசோதனை செய்தால் பாதுகாப்புதானே?" என்ற கேள்வி வரும். எப்போதும் அப்படி இல்லை. சூலகப் புற்றுநோய் குணமான பெண்களுக்கு ரத்தத்தில் சிஏ 125 என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தின் அளவு உயர்ந்த உடனே கீமோ தொடங்குவதா, அறிகுறி தெரியும்வரை பொறுப்பதா என்று ஒரு பெரிய ஆய்வு ஒப்பிட்டது. 2010-ல் வெளியான முடிவில், முன்கூட்டியே தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. அதேவேளை பெருங்குடல் புற்றுநோயில் சிஇஏ என்ற இன்னொரு குறியீட்டுப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை வழக்கமான கண்காணிப்பின் ஒரு பகுதி. எது யாருக்குப் பயன் என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. ஆகவே மருத்துவர் ஒரு பரிசோதனையை எழுதவில்லை என்றால் அலட்சியம் என்று முடிவு கட்டாமல், காரணத்தைக் கேளுங்கள். உங்களுக்கென்று எழுதியதை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்.

படி 5: சோதிப்பதைக் குறையுங்கள், ஒளிவதை நிறுத்துங்கள்

நான் தொடக்கத்தில் சொன்ன பெண்மணியின் மருத்துவர், மாதம் ஒருமுறை கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு நாளைக்கு ஐம்பது முறைக்கு மேல் தொட்டுக்கொண்டிருந்தார். அழுத்தி அழுத்தி அந்த இடமே வலிக்கத் தொடங்கியிருந்தது. வலி புதிய பயத்தைக் கொடுத்தது. ஓயாத சோதனைக்கு இந்தக் கொடுமையும் உண்டு: அது தானே அறிகுறிகளை உண்டாக்கும்.

ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் முடியாது. முதல் வாரம் எண்ணுவது மட்டும். இரண்டாம் வாரம், மணிக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. மூன்றாம் வாரம், காலையும் மாலையும். அதன்பின் வாரம் ஒருமுறை, கடைசியில் மாதத்தின் முதல் தேதி. கை ஏற வேண்டும் என்று துடிக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொன்னேன். அந்தத் துடிப்பு அலைபோல ஏறி, உச்சம் தொட்டு, தானே இறங்குவதை அவர் பார்த்தார். ஏழாம் வாரமோ எட்டாம் வாரமோ, பேசிக்கொண்டிருக்கும்போது கை பாதி வழி ஏறி நின்றது. "இன்று பத்தொன்பதாம் தேதி" என்று சொல்லிக் கையைக் கீழே வைத்தார்.

இணையத் தேடலுக்கும், "இங்கே வீங்கியிருக்கிறதா பார்" என்று வீட்டாரைக் கேட்பதற்கும் இதே முறைதான். இரவு தூங்கும் நேரத்தில் தேடுவதில்லை என்ற ஒரே விதியோடு தொடங்கினாலும் பலன் தெரியும்.

ஒளிபவர்களுக்குப் பயணம் எதிர்த்திசையில். பழைய மருத்துவக் கோப்பை வெளியே எடுத்து மேசையில் வைப்பது, மருத்துவமனையின் வாசல்வரை போய்த் திரும்புவது, தொலைபேசியில் தேதி வாங்குவது என்று எளியதிலிருந்து கடினமானதற்கு. ஒவ்வொன்றையும் பதற்றம் தணியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

படி 6: எண்ணங்களோடு பழகுங்கள்

1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் மனதில் கரடி வந்துகொண்டேதான் இருந்தது. தடை நீங்கியதும் முன்னைவிட அதிகமாக வந்தது. "நோயைப் பற்றி நினைக்காதே" என்ற அறிவுரையும் இப்படித்தான் திருப்பியடிக்கிறது. 2019-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது: எண்ணம் சரியா தவறா என்று வாதாடும் பழைய முறைகளைவிட, எண்ணத்தோடு நமக்குள்ள உறவை மாற்றும் புதிய முறைகள் இந்த அச்சத்துக்குக் கூடுதலாகப் பலன் தந்தன. நான் தொடர்ந்து பயன்படுத்தும் மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், இருபது அல்லது முப்பது நிமிடம். மாலை நேரம் நல்லது, படுக்கைக்கு முன் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதி, "ஆறு மணிக்குப் பேசலாம்" என்று அனுப்பிவிடுங்கள். ஆறு மணிக்கு உண்மையிலேயே உட்காருங்கள். காலையில் வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம் மாலையில் வெறும் வரியாகக் கிடப்பதைப் பல நாட்கள் பார்ப்பீர்கள்.

கவனத்தை நகர்த்தப் பழகுங்கள். ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர் 1990-ல் வடிவமைத்த பயிற்சி இது. அமைதியான நேரத்தில் கண்ணைத் திறந்தபடி உட்காருங்கள். அருகிலும் தூரத்திலும் கேட்கும் ஐந்தாறு ஒலிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மின்விசிறி, கடிகாரம், தெருவில் போகும் வண்டி, ஒரு பறவை. முதல் ஐந்து நிமிடம், ஒவ்வோர் ஒலியிலும் தனித்தனியாகக் கவனத்தை ஊன்றுங்கள். அடுத்த ஐந்து நிமிடம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாறுங்கள். கடைசி இரண்டு நிமிடம், எல்லா ஒலிகளையும் ஒரே நேரத்தில் கேட்க முயலுங்கள். நடுவே பயம் வந்தால் அதுவும் ஓர் ஒலி போல வந்து போகட்டும். பயம் ஏறியிருக்கும்போது தப்பிக்க இதைச் செய்யக் கூடாது. சாதாரண நாட்களில் தினமும் பழகினால், கவனம் உடம்பின் ஒரு மூலையில் சிக்கிக்கொள்ளும்போது அதை எடுத்து வேறிடம் வைக்கும் வலு கிடைக்கிறது.

மூன்றாவது, கதையை முடிவுவரை போக விடுவது. மூன்றிலும் கடினமானது, ஆழமானது இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருடைய பயம் எப்போதும் "திரும்பிவிட்டது" என்ற சொல்லோடு நின்றுவிடும்; திரை விழுந்துவிடும். ஒருநாள் நான் கேட்டேன்: "சரி, திரும்பிவிட்டது. பிறகு?"

"டாக்டரிடம் போவேன்."

"பிறகு?"

"மருந்து சொல்வார். மறுபடி கீமோவாக இருக்கும். அதைத் தாங்கியவன்தானே."

"பிறகு?"

நீண்ட நேரம் பேசவில்லை. "மகனிடம் சொல்ல வேண்டும்" என்றார். கண் நிறைந்துவிட்டது. "போன தடவை அவன் பரீட்சையை விட்டுவிட்டு வந்தான்."

மூன்று ஆண்டுகளாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது சாவு அல்ல, மகனுக்குச் செய்தி சொல்ல வேண்டிய அந்த ஒரு போன் அழைப்பு. அதற்கு வழி இருந்தது. அப்படி ஒருநாள் வந்தால் எப்படிச் சொல்ல வேண்டும், மகன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பிறருக்கு அந்த இடத்தில் வேறொன்று இருக்கும்: குழந்தையை யார் வளர்ப்பார்கள், கடன், வலி. பெயர் தெரிந்த பயத்துக்கு ஏதாவது செய்யலாம். உயில் எழுதலாம், வலி நிவாரணச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைக்கலாம். இதைத் தனியாக நள்ளிரவில் செய்ய வேண்டாம். நம்பிக்கையான ஒருவரோ ஆலோசகரோ கூட இருக்கட்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் இந்தப் பயிற்சியை ஆலோசகர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

படி 7: ஸ்கேன் நாட்களுக்கு ஒரு திட்டம்

மறுபரிசோதனை நெருங்க நெருங்க எரிச்சல், தூக்கமின்மை, இல்லாத வலிகள் எல்லாம் வரும். தேதி காலண்டரில் இருக்கும்போதே இதையும் எதிர்பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்: "பத்தாம் தேதியிலிருந்து நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன்" என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வாரத்தில் பெரிய முடிவுகள் எதையும் எடுக்காதீர்கள்.

முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்பதைப் பரிசோதனை முடிந்த உடனே கேளுங்கள். காத்திருப்பதைவிட, எவ்வளவு காத்திருப்பது என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கொல்கிறது. அறிக்கை போனுக்கே வந்துவிடும் என்றால், அதை யார், எங்கே திறப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். என் திடமான கருத்து: மருத்துவர் கிடைக்காத வெள்ளிக்கிழமை இரவில் தனியாகத் திறக்காதீர்கள். அறிக்கைகளில் "குறிப்பிட முடியாத சிறு மாற்றம்", "தொடர்ந்து கவனிக்கவும்" போன்ற வரிகள் சாதாரணமாக இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு ஒன்றுமில்லாத அந்த வரி உங்கள் இரண்டு நாட்களை எரித்துவிடும்.

இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நல்ல முடிவு வந்த பிறகும் சிலருக்கு மகிழ்ச்சி வருவதில்லை. வெறுமையும் அழுகையும் வரும். இறுகிப்போயிருந்த உடம்பு தளர்கிறது, அவ்வளவுதான். நன்றியில்லாதவராக உங்களை எண்ணிக்கொள்ளாதீர்கள்.

படி 8: வீட்டில் இருப்பவர்களுக்கு

துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் இதே பயம் உண்டு. சில நேரம் நோயாளியைவிட அதிகமாக. இரவில் அம்மா இருமினால் மகள் விழித்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருக்கிறாள். காலையில் இருவரும் எதுவும் பேசாமல் சிரித்துக்கொள்கிறார்கள். இந்த நாடகம் இருவரையும் களைப்பாக்குகிறது.

"ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது; உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வா, டாக்டர் எழுதிய தாளைப் பார்க்கலாம்" என்று சொல்லலாம். திரும்பத் திரும்ப உறுதி கேட்டால், ஒருமுறை அன்போடு பதில் சொல்லிவிட்டு, "இதை ஆறு மணிக்குப் பேசுவோமா?" என்று நினைவூட்டுங்கள். இந்த விதியை இருவரும் முன்பே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது கைவிடுவது போலத் தோன்றும். முடிந்தால் வீட்டாரும் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கட்டும்.

படி 9: தள்ளிப்போட்டதில் ஒன்றை எடுங்கள்

"முதலில் ஐந்து வருடம் முடியட்டும்" என்று எவ்வளவோ பேர் வாழ்க்கையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நிறுத்தி வைத்ததில் ஒன்றை, சிறியதாக, தேதி போட்டுத் தொடங்குங்கள்: பாதியில் விட்ட இசை வகுப்பு, தோழியின் ஊருக்கு ஒரு பயணம், ஒரு செடி. பயத்தோடேயே தொடங்குங்கள், பயம் போன பிறகு என்று வைத்தால் அந்த நாள் வராது.

உடற்பயிற்சியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோய்க்குப் பின் உடற்பயிற்சி பற்றி 2019-ல் சர்வதேச வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரை: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், மிதமான வேகத்தில். இதைக் குறைந்தது 12 வாரம் தொடர்ந்தால் பதற்றமும் மனச்சோர்வும் உடற்சோர்வும் குறைகின்றன. எலும்பிலோ இதயத்திலோ பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

நோய் முற்றிலும் போகாமல், மருந்தால் கட்டுக்குள் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுடைய பயம் திரும்புவதைப் பற்றியது அல்ல, கூடுவதைப் பற்றியது. இங்கே சொன்ன பயிற்சிகள் பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஆறாம் படியின் மூன்றாவது வழியையும் நான்காம் படியின் கேள்விகளையும் உங்கள் மருத்துவக் குழுவோடு சேர்ந்தே செய்யுங்கள். வலி நிவாரணப் பிரிவினர் கடைசி நாட்களுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். இந்தப் பேச்சை அவர்களிடம் இப்போதே தொடங்கலாம்.

படி 10: உதவி கேட்பது எப்போது, யாரிடம்

ஒன்றிரண்டு மாதம் இவற்றைச் செய்தும் பயம் குறையவில்லை என்றால், பரிசோதனைக்கே போக முடியவில்லை என்றால், பயத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள் என்றால், உளவியலாளரைப் பாருங்கள். சிலருக்குத் தினசரி ஹார்மோன் மாத்திரையே நோயை நினைவூட்டுகிறது, அதனால் நிறுத்திவிடுகிறார்கள். இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளாது. ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், பத்து வாரங்களில் ஐந்து சந்திப்புகள்தான். கவனப் பயிற்சி, கவலையைப் பற்றிய நம்பிக்கைகளை ஆராய்வது, அளவான கண்காணிப்பு, வாழ்வில் எது முக்கியம் என்று தேடுவது ஆகியவை அதில் இருந்தன. வெறும் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களுக்கு அச்சம் கூடுதலாகக் குறைந்தது.

பதற்றமும் மனச்சோர்வும் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும். பாராக்ஸெட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டமாக்ஸிஃபென் உடம்பில் செயல்படு வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணியே, அருகில் உள்ள ஒருவரிடம் சொல்லி, அவரோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது மூன்றாம் படியில் எழுதிய நோட்டையும், மருத்துவர் எழுதித் தந்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எதிரே உட்கார்ந்ததும் பேச்சு வராமல் போகலாம். பலருக்கும் அப்படித்தான் ஆகிறது. நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து ஆலோசகர் பக்கம் திருப்பி வையுங்கள், போதும்.